வெள்ளிப் பாதை போட்ட மெர்வின்

மெர்வின் லார்ட்டரைப் பொய்யன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் சொல்ல மூளை வேண்டும், ஞாபகசக்தி வேண்டும். இருபத்தாறு வருஷம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு லாரி ஓட்டிய மெர்வினிடம் இரண்டும் அளவாகத்தான் இருந்தன. தோண்டியெடுத்த பழங்காசு எங்கே கிடைத்தது என்று கேட்டால் மட்டும் இடத்தை மாற்றிச் சொல்வான். அதை எங்கள் பக்கம் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல பழக்கம் என்போம்.

எங்கள் பக்கம் என்றால் இங்கிலாந்தில் நார்ஃபோக். ஆஷ்பெக் கிராமத்துப் பப்பின் பின்னறையில் எங்கள் சங்கம் கூடும். அறுவடை முடிந்த வயலில் உலோகம் கண்டுபிடிக்கிற டிடெக்டரை ஆட்டிக்கொண்டே நடப்பது, அது பீப் என்றால் குனிந்து தோண்டுவது, தோண்டிய குழியை ஒழுங்காக மூடுவது, இதற்காக முப்பத்தியிரண்டு பேர் சந்தா கட்டுகிறார்கள். நான் நோரா, இருபது வருஷமாகச் செயலாளர். நான் எதையும் தேடுவதில்லை. தேடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமான பொழுதுபோக்கு.

இந்தக் கூட்டத்துக்கென்று சில ஒழுக்கங்கள் உண்டு. "என்னய்யா கிடைச்சுது?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, பித்தான்தான்" என்று சொல்ல வேண்டும். பையில் ரோமானிய ராஜா சிரித்துக்கொண்டிருந்தாலும் பித்தான்தான். வண்டியை ஒரு பண்ணையில் நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடந்து வேறொரு பண்ணைக்குப் போக வேண்டும். ஹெட்போனைக் கழற்றக் கூடாது, பீப் சத்தம் காற்றோடு போய் அடுத்தவன் காதில் விழுந்துவிடும். நல்ல வயலின் பெயரைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. மெர்வின் சொன்னதில்லை. அவன் மனைவி க்ளெண்டாவும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆள் வீட்டில் இல்லை என்ற நிம்மதியே அவளுக்குப் பெரிய புதையல்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்டோபரில் மெர்வின் ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கட்டை விரல் நகம் அளவு, ஆனால் கனம். சாக்சன் காலம், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு பக்கம் ஏதோ பறவை. மறு பக்கம் ஒரு சிலுவை. எங்கள் சங்கத்து விலை நிபுணர் நெவில் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடி கழற்றிப் பார்த்தார், கடைசியில் "எட்டு பவுண்டு" என்றார்.

நெவில் எதைப் பார்த்தாலும் எட்டு பவுண்டுதான். விக்டோரியா ராணியின் தேய்ந்த பென்னியும் எட்டு பவுண்டு, தங்கத்தில் வந்த பிரெஞ்சுக் காசும் எட்டு பவுண்டு. அடுத்தவன் பையில் இருக்கிற எதற்கும் அதற்கு மேல் விலை சொல்ல அந்த மனுஷனுக்கு மனசு வராது. மெர்வினின் காசுக்கு ஏலக் கடையில் இருநூறு தாராளமாகக் கொடுப்பார்கள். மெர்வின் விற்கவில்லை. கோழிமுட்டை அட்டையில் ஒரு குழி ஒதுக்கி, பஞ்சு வைத்து, அதில் படுக்க வைத்தான்.

அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் ஃபிலிப்பா கேன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பப்புக்கு வருவார். கிடைத்த காசுகளைப் படம் எடுத்து, படிவம் வாங்கிக்கொண்டு போவார். என்ன கிடைத்தது, எப்போது, எங்கே. படிவத்தில் மூன்றே கேள்வி. மெர்வின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் அவனுக்கு நான்தான் எழுதுவேன், அவன் கையெழுத்து மட்டும் போடுவான்.

"எங்கேய்யா கிடைச்சுது?"

"ஸ்னெல்லிங்னு போடு."

அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு காசு. "தோர்ப்பின்னு போடு" என்றான். மூன்றாவதற்கு வேறொரு ஊர். நாலாவது வந்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவன் வண்டி ஆஷ்பெக் சர்ச் வாசலில் நிற்பதையும், ஆள் வேலியோரமாகக் குனிந்து குனிந்து ஆப்ரி கெரிசனின் பன்னிரண்டு ஏக்கர் வயலுக்குள் போவதையும் நான் சமையலறை ஜன்னலிலிருந்து மூன்று அக்டோபராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"யோவ், எல்லாம் கெரிசன் வயல்தானே?"

அவன் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. "மெதுவாப் பேசு நோரா. நெவிலு காதுல விழுந்தா நாளைக்கே கெரிசன் வீட்டுக் கதவைத் தட்டுவான். வெளியே தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா நூறு பேரு வந்து வயலைச் சல்லடையாக்கிட்டுப் போயிருவாங்க."

"கெரிசனுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட காட்டினேனே! 'நீயே வச்சுக்கோ, கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் கொடு'ன்னுட்டாரு."

ஒற்றைக் காசு கிடைத்தால் எங்கள் நாட்டுச் சட்டம் அலட்டிக்கொள்ளாது. ஒரே புதையலைச் சேர்ந்த இரண்டு வெள்ளிக்காசு கிடைத்தால் போதும், அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதிகாரிகள் வருவார்கள், அகழ்வார்கள், பத்திரிகைக்காரன் வருவான், வயல் மெர்வினுடையதாக இருக்காது. அவன் திருடவில்லை, விற்கவில்லை. அந்த வயல் தனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டான். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. புதையலைப் பென்ஷன் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தான் பாவி. நானும் யோக்கியம் இல்லை. அவன் சொன்ன ஊரையெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மெர்வின் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, அதனால் அவன் புளுகு பதினாலு வருஷம் ஓடியது.

பத்தொன்பது காசு ஆனபோது டாக்டர் ஃபிலிப்பா ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் வரைபடம். அதில் பத்தொன்பது சிவப்புப் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. சாக்சன் காலத்து வியாபாரிகள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்து போன பாதையாம், வழியெல்லாம் காசைச் சிந்திக்கொண்டே போனார்களாம். அதற்கு 'வெள்ளிப் பாதை' என்று பெயரும் வைத்துவிட்டார்.

"பாருங்க, இந்த இடத்துல பாதை எப்படி வளையுது! அந்தக் காலத்துல இங்க சதுப்பு நிலம். அதைச் சுத்திக்கிட்டுப் போயிருக்காங்க. எவ்வளவு நுட்பம்!"

எனக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. மெர்வினுக்கு ஊர்ப் பெயர் கேட்டவுடன் வாயில் வந்ததெல்லாம் அவன் லாரி ஓட்டிய வழியில் இருந்த ஊர்கள். ஸ்னெல்லிங், தோர்ப்பி, அப்புறம் நேரே ஆலை. தோர்ப்பிக்கு முன்னால் பாதை வளைவது சதுப்பு நிலத்துக்காக இல்லை. அங்கே ரயில் பாலம் தாழ்வு, கிழங்கு லாரி இடிக்கும்.

ஆனால் யார் வாயைத் திறப்பது? அடுத்த ஒரே வருஷத்தில் பாதை நெடுக மரப்பலகை நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் தெரிய அரைக்கால் சட்டை போட்ட பெரிய மனிதர்கள் கைத்தடி ஊன்றி அந்த லாரி வழியில் பக்தியோடு நடந்தார்கள். ஸ்னெல்லிங்கில் வெள்ளிப் பாதை தேநீர்க் கடை திறந்தாயிற்று. மெர்வினே போய் அங்கே ஒரு கேக் வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று வந்து சொன்னான். டாக்டர் புத்தகம் எழுத ஆரம்பித்தார்.

வினை வேறு திசையிலிருந்து வந்தது. கெரிசனுக்கு எழுபத்தெட்டு வயது, உருளைக்கிழங்குக்குக் கோடையில் தண்ணீர் போதவில்லை. பன்னிரண்டு ஏக்கர் வயலில் பாசனக் குட்டை வெட்ட அரசாங்க மானியம் கிடைத்துவிட்டது. (அந்த வயல் ஒன்பது ஏக்கர்தான். பெயர் வைத்தவனும் எங்கள் சங்கத்து ஆளாக இருந்திருக்க வேண்டும்.) குட்டை வெட்டுமுன் அந்த நிலத்தில் பழைய பொருள் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க வெள்ளிக்காசு, கெரிசனின் வயலில் மட்டும் ஒரு பித்தான்கூட இல்லை. தாராளமாக வெட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு மெர்வின் என் வீட்டுக்கு வந்த கோலத்தை நான் மறக்க மாட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரைவிரிப்பில் சேறு அப்பிக்கொண்டு நின்றான்.

"நோரா, பானை உள்ளேதான் இருக்கு."

"எந்தப் பானை?"

"காசு வச்ச பானை. வடக்கு மூலையில. ஏரு கிளறி விட்டதுதான் எனக்கு இத்தனை நாள் வந்துச்சு. மீதி அடியில அப்படியே இருக்கு. நம்ம டிடெக்டர் அவ்வளவு ஆழம் பாயாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் ஒரு காசு பானை ஓட்டோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"மெதுவா எடுத்துக்கலாம்னு..." என்றவன் பாதியில் நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை கிழங்கு பிடுங்கி முடிகிறது, அடுத்த வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டான். அழுகிறானோ என்று எனக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

முதலில் கெரிசனிடம் போனோம். அவர் வாசலில் நின்றே பேசினார்.

"மெர்வினு, இந்த மாசத்துக்குள்ள தோண்ட ஆரம்பிக்கலேன்னா மானியம் போயிரும்டா. அருங்காட்சியகத்துலேர்ந்து ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறேன். சும்மா உன் பேச்சைக் கேட்டு நிறுத்த முடியாது. கிழங்கு பிடுங்கி முடிஞ்சதும் வயலு ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிரும், நீயா உள்ளே போய்த் தோண்டவும் முடியாது."

நியாயம்தான். கடுதாசி கொடுக்க வேண்டியவர் டாக்டர் ஃபிலிப்பா. டாக்டரிடம் கடுதாசி வாங்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். மெர்வின் அந்த ராத்திரி என்ன பாடுபட்டானோ, மறுநாள் காலையில் டை கட்டிக்கொண்டு, முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறி உட்கார்ந்தான். அவன் டை கட்டி நான் பார்த்தது அவன் கல்யாணத்தில்தான்.

டாக்டர் எங்களை அன்பாகத்தான் உட்கார வைத்தார். பிஸ்கெட் கொடுத்தார். மேஜை மேல் புத்தகத்தின் அட்டைப்படம் கிடந்தது, அதில் அந்தக் கோடு.

மெர்வின் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். "பத்தொன்பதும் ஒரே வயல், டாக்டரம்மா. கெரிசன் வயல். நான்தான் ஊரை மாத்தி எழுதச் சொன்னேன்."

டாக்டர் பிஸ்கெட் தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினார். "மிஸ்டர் லார்ட்டர், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. இத்தனை வருஷம் நடந்த வயல் குட்டையாப் போகுதுன்னா யாருக்குத்தான் மனசு கேக்கும்? போன வாரம்கூட ஒருத்தர் வந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்துல சூரியத் தகடு வைக்கப் போறாங்களாம். உடனே அங்க ஒரு ராணியோட கல்லறை இருக்குங்கறார்."

"இது அப்படி இல்லீங்க."

"பத்தொன்பது படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது அத்தனையும் பொய்யா?"

"ஆமாங்க."

"இப்ப சொல்றது மட்டும் உண்மை?"

"ஆமாங்க."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மெர்வின் முட்டை அட்டையைத் திறந்து காசுகளைப் பார்த்தான். திடீரென்று ஞாபகம் வந்தவனாக, "பானை ஓட்டுல ஒட்டிக்கிட்டு ஒரு காசு வந்துச்சு" என்றான்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அவருக்குத் தன் பாதை மேலேயே சந்தேகம் வந்தது. "அந்த ஓடு இருக்கா? அதைக் காட்டுங்க, இப்பவே கடுதாசி தர்றேன்."

"காசைப் பேத்து எடுத்துட்டு, ஓட்டை வேலியில வீசிட்டேங்க."

"வீசிட்டீங்களா? ஏன்?"

"அது பீப் அடிக்கலீங்களே."

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்தக் கூட்டத்தில் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பீப் அடிக்காத பொருளை இவர்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. வேலியையும் குட்டைக்காகப் போன வாரமே பிடுங்கி எரித்துவிட்டார்கள், இனி ஓட்டை எங்கே போய்த் தேடுவது?

கடைசி முயற்சியாக நான் வாயைத் திறந்தேன். "டாக்டர், அது வெள்ளிப் பாதை இல்ல, கிழங்கு லாரி போற பாதை. அந்த வளைவு ரயில் பாலத்துக்காக. வேணும்னா வாங்க, காட்டறேன்."

படித்தவர்களிடம் இதுதான் தொல்லை, அவர்களை மடக்கவே முடியாது. டாக்டர் சிரித்தார். "நம்ம ஊர் சாலை பல பழைய பாதை மேலதான் போகுது, நோரா. லாரி ஏன் அந்த வழியாப் போகுது? பாதை ஏற்கெனவே அங்க இருந்துச்சு, அதனாலதான்." திரும்பி வரும்போது காரில் மெர்வின் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தான். முட்டை அட்டையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. மெர்வின் காலை ஏழு மணிக்கே கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டான். உள்ளே விடச் சொல்லிக் கேட்டான். "தலைக்கவசம் இல்லாம வரக் கூடாது, பெரியவரே" என்றான் ஓட்டுநர். கடைக்குப் போய்த் தலைக்கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். இப்போது பாதுகாப்புப் பயிற்சி முடித்த அட்டை கேட்டார்கள். அந்த மஞ்சள் கவசத்தோடு மூன்று நாள் மழையில் வேலிக்கு வெளியே நின்றான். நான் ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன், வாங்கிக் குடிப்பான். நெவில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "கவசம் எட்டு பவுண்டு இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வடக்கு மூலையில் வாளி இறங்கியது. நானும் பக்கத்தில் இருந்தேன். கறுத்த மண்ணோடு வெளிறின சில்லு மாதிரி ஏதோ உடைந்து சரிந்ததை நானும் பார்த்தேன். மெர்வின் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினான், இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கம்பியைப் பிடித்து உலுக்கினான். வாளி லாரியில் கவிழ்ந்தது. லாரி கிளம்பியது. அவன் கம்பியைப் பிடித்தபடியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். அறுபத்தெட்டு வயது ஆள், குழந்தை மாதிரி அழுதான்.

நல்ல மேல்மண்ணை யாரும் வீணாக்க மாட்டார்கள். ஒப்பந்தக்காரர் அதைப் புது வீடுகளின் தோட்டத்துக்கு விற்றார். லாரி லாரியாகப் போயிற்று. எங்கள் பக்கம் கனரக வண்டி போக ஒரே சாலைதான் உண்டு. அதனால் ஸ்னெல்லிங்கில் நாலு தோட்டம், தோர்ப்பியில் ஆறு தோட்டம், அப்படியே ஆலை வரைக்கும் மண் இறங்கியது. மெர்வின் வீடு வீடாகப் போய், "உங்க தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் சலிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டான். புது ரோஜா நட்டவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? கதவைச் சாத்தினார்கள்.

ஏப்ரலில் தொடங்கியது. ஸ்னெல்லிங்கில் ஒருத்தர் வெங்காயம் நடும்போது ஒரு வெள்ளிக்காசு. தோர்ப்பியில் ஒரு நாய் பறித்த குழியில் இரண்டு. மே மாதத்துக்குள் பதினொன்று. எல்லாம் அந்தப் பறவையும் சிலுவையும் போட்ட அதே ஜாதி. பானை போன இடம் தெரியவில்லை, முழுசாக ஒரே இடத்தில் கிடைத்திருந்தால் விலை மதிக்க லண்டனிலிருந்து ஆள் வந்திருக்கும். இப்போது ஒவ்வொன்றாக எங்கள் பப்புக்கு வந்தன, நெவில் ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்து எட்டு பவுண்டு என்றார்.

தோர்ப்பி ஏழாம் நம்பர் வீட்டு ரீட்டா காட்ஸ் மட்டும் இரக்கப்பட்டு மெர்வினை உள்ளே விட்டாள். ரோஜாப் பாத்தியில் பத்து நிமிஷத்தில் ஒரு காசு எடுத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். எதிரே டாக்டர் ஃபிலிப்பா, புத்தகத்தின் முதல் பிரதியோடு.

நான் பேனாவைத் திறந்தேன். "எங்கே கிடைச்சுது?"

"தோர்ப்பி. ஏழாம் நம்பர். ரோஜாப் பாத்தி."

நான் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கெரிசன் வயல்னு எழுதட்டுமாய்யா?" என்றேன்.

"வேண்டாம் நோரா. அதை அடிச்சிட்டு மாத்தி எழுதச் சொல்லுவாங்க."

எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். டாக்டர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, வரைபடத்தை விரித்து, கோட்டின் மேல் சரியாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பிறகு மெர்வினின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா மிஸ்டர் லார்ட்டர், கிடைச்ச இடத்தை அப்படியே சொன்னா எவ்வளவு சுலபமா இருக்கு?"

"ஆமாங்க டாக்டரம்மா" என்றான் மெர்வின்.